ஹம்மிங்பேர்டா, லவ் பேர்ட்ஸா, இல்ல சும்மா நாலு தொட்டியா: எங்க பால்கனி பஞ்சாயத்து

அப்பா போன பிறகு அம்மாவை கும்பகோணத்துல தனியா விட மனசு வரல, ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூருக்கே கூட்டிட்டு வந்துட்டோம். மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம், நானும் வீட்டுக்காரரும் காலைல எட்டரைக்கு கிளம்பினா திரும்பி வர ஏழாகும், பையன் ஸ்கூல் முடிஞ்சு ட்யூஷன் போயிட்டு ஆறு மணிக்கு வருவான். அங்க திண்ணைல உக்காந்தா தெருவே வந்து பேசிட்டு போகும், இங்க எதிர் வீட்டு கதவு தெறந்து பாத்ததே மொத்தம் நாலு தடவைதான் இருக்கும். அம்மா பகல் பூரா பால்கனில ஒரு பிளாஸ்டிக் சேரை போட்டு உக்காந்திருப்பாங்க.

அப்பதான் அண்ணன் திருச்சிலேருந்து போன் பண்ணி, "ஒரு ஜோடி கிளி வாங்கி குடு, பேச்சுத்துணையா இருக்கும்"னான். எங்க பையனோ யூட்யூப்ல ஒரு ஹம்மிங்பேர்ட் யாரோ வெள்ளைக்காரர் உள்ளங்கைல வச்ச கிண்ணத்துலேருந்து தண்ணி குடிக்கற வீடியோவை காட்டி, "பாட்டி, இதேதான் நம்ம பால்கனிக்கும் வருது, ஃபீடர் வாங்குவோம், கையிலயே வந்து உக்காரும்"ங்கறான். அம்மா கண்ணாடியை போட்டு ஒரு நிமிஷம் உத்து பாத்துட்டு, "இது அந்தரத்துல நின்னுல்ல குடிக்குது, நம்மது கொடில உக்காந்துதான்டா குடிக்கும், இது தேன்சிட்டு இல்ல"ன்னாங்க. எந்த புக்கும் படிக்காம அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான் சரி, அதுலேருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா பெங்களூர்ல பாதி பேர் இன்னமும் தேன்சிட்டைத்தான் ஹம்மிங்பேர்ட்னு சொல்லிட்டு திரியறாங்க.

ஹம்மிங்பேர்ட் அமெரிக்க கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு. அலாஸ்காவுலேருந்து தென் அமெரிக்காவோட தெக்கு முனை வரைக்கும் சுமார் 360 இனம், ஆனா அட்லாண்டிக்கை தாண்டி இந்தப் பக்கம் காட்டுல ஒண்ணுகூட கிடையாது. எங்க பையன் காட்டின வீடியோல இருந்தது தொண்டைல சிவப்பு மின்னுற ரூபி த்ரோட்டட்னு ஒரு இனம், வெயிட் சுமார் மூணு கிராம், அதாவது சட்டைப் பைல கிடக்கற ஒரு ரூபா காயின் அளவு. அது செகண்டுக்கு சுமார் 50 தடவை றெக்கை அடிக்கும், முன்னாடியும் போகும், பின்னாடி ரிவர்ஸும் எடுக்கும். இந்த மூணு கிராம் உடம்போட மெக்சிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோமீட்டர், நடுவுல உக்கார ஒரு குச்சி இல்லாம ஒரே மூச்சுல தாண்டற பறவை அது. ஆனா கால் மட்டும் ரொம்ப வீக், கிளையை பிடிச்சு உக்காரலாம், நடக்கல்லாம் வராது.

ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கின சொந்தம்னு பாத்தா நம்ம ஊர் பனை உழவாரன் குரூப், சாயங்காலம் பனைமரத்தை சுத்தி சர்ருனு பறக்குமே, அதோட ஒண்ணுவிட்ட சித்தப்பா பையன். தேன்சிட்டு வேற வம்சம், காக்கா குருவி மைனா எல்லாம் வர்ற கூட்டத்துல வரும். இன்னும் ஒரு வேடிக்கை சொல்றேன், மரபணு வச்சு பாத்தா காக்கா குருவி கூட்டத்துக்கு ரொம்ப கிட்டத்து உறவு கிளி வம்சம்தான். அப்ப தேன்சிட்டுக்கு ஹம்மிங்பேர்டை விட கிளிதான் நெருங்கின சொந்தம்! மூக்கு நீளமா இருக்கு, உடம்பு மின்னுது, தேன் குடிக்குதுன்னு பாத்து நாம முடிச்சு போடறோம், பூவுக்குள்ள இருக்கற தேனை எடுக்கணும்னா நீளமா மூக்கு வேணும், அதனால ரெண்டு வம்சமும் தனித்தனியா அந்த மூக்குக்கு வந்து சேந்திருக்கு, அவ்வளவுதான்.

ஒருவேளை காசு இருக்கு, எங்கேருந்தாவது ஹம்மிங்பேர்ட் வரவழைச்சு வளக்கலாமான்னு யாராவது யோசிச்சா, வேணாம். அது வளக்கற ஜாதி இல்ல. பகல்ல பத்து இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவை தீனி வேணும், பறக்கும்போது இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு ஆயிரத்தையே தாண்டும், ராத்திரி பசில செத்துடாம இருக்க உடம்பு சூட்டை மடமடன்னு குறைச்சு கிட்டத்தட்ட மயக்கத்துல கிடக்கும். சர்வதேச வியாபாரத்துக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்துல, அதாவது காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு வாங்கி விக்கறதுக்கான உலக ஒப்பந்தத்துல, கட்டுப்பாடு இருக்கு. அதனால ஹம்மிங்பேர்ட் ஆசைன்னு ஒருத்தர் பெங்களூர்ல சொன்னா, நடைமுறைல அது தேன்சிட்டு ஆசைதான். மிச்சம் போட்டி தேன்சிட்டுக்கும் சின்னக் கிளிக்கும்.

கிளின்னதும் அம்மாவுக்கு பச்சைக்கிளிதான் ஞாபகம் வந்தது, கழுத்துல சிவப்பு வளையம், மீனாட்சி கைல இருக்கற மாதிரி. அது வீட்டுல வளக்கவே கூடாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டு கிளி எதை கூண்டுல வச்சாலும் குத்தம், கிளி ஜோசியக்காரர்கிட்ட இருந்தாலும் சரி நம்ம பால்கனில இருந்தாலும் சரி. தேன்சிட்டை பிடிச்சு அடைக்கறதும் அதே சட்டத்துல குத்தம்தான், சும்மா சொல்லி வைக்கறேன். கடையில சட்டப்படி வாங்கக்கூடியது வெளிநாட்டு கிளிங்க. அதுல மலிவானது, எல்லார் வீட்லயும் இருக்கறது, நம்ம ஆளுங்க லவ் பேர்ட்ஸ்னு சொல்றது, ஆனா உண்மையில அது லவ் பேர்டே இல்ல, பட்ஜெரிகர், சுருக்கமா பட்ஜி, ஆஸ்திரேலியாக்காரன். ஜான் கூல்ட்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1840-ல உயிரோட இங்கிலாந்துக்கு கொண்டு போனதுலேருந்துதான் உலகம் பூரா கூண்டுக்குள்ள பரவிச்சு. நெஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவுது, கடைக்காரங்க "ஆப்பிரிக்கன்"னு தனியா சொல்வாங்க, கட்டையா, வாலு குட்டையா, ரோஸ் மூஞ்சியோட இருக்கும், கடி பலமா விழும், வெலையும் பல மடங்கு. ஆப்பிரிக்கன்லயே ரோஸ் மூஞ்சி தவிர மத்ததெல்லாம் சைட்டிஸ் பட்டியல்ல வருது, அப்ப 2024-ல வந்த விதிப்படி ரிஜிஸ்டர் வேற பண்ணணும், பட்ஜிக்கு அந்த தொல்லை இல்ல.

சரி, வாங்கினோம். சிவாஜிநகர் பக்கம் ஒரு கடைல, ஜோடி 600 ரூபா, கூண்டு 1,400. ஒரே கூண்டுல நாப்பது அம்பது குஞ்சு அடைச்சு வச்சிருந்தாங்க, பச்சை ஒண்ணு நீலம் ஒண்ணு காட்டினோம், கடைக்காரர் கைய விட்டு லபக்குனு பிடிச்சு ஓட்டை போட்ட அட்டை டப்பால போட்டு குடுத்தாரு. ஆண் பொண்ணு எப்படி பாக்கறதுன்னா மூக்குக்கு மேல ஒரு சதைப்பட்டை இருக்கும், பெரிசானதும் ஆணுக்கு அது நீலம், பொண்ணுக்கு காப்பிக்கலர். குஞ்சுல ரெண்டும் ஒரே மாதிரி ரோஸா இருக்கும், அதனால "கண்டிப்பா ஜோடிதான் மேடம்"னு யாரு சொன்னாலும் அது பாதி ஜோசியம்.

நீலம் பன்னெண்டாம் நாள் செத்துப்போச்சு. முந்தின நாள் சாயங்காலம் ஒரு மூலைல பந்து மாதிரி உப்பிட்டு உக்காந்திருந்தது, குளிருதுன்னு நெனச்சு அம்மா ஒரு பழைய துண்டை கூண்டு மேல போட்டாங்க. பறவைங்க உடம்பு சரியில்லன்னா கடைசி வரைக்கும் காட்டிக்காது, உப்பிட்டு உக்காந்தாச்சுன்னா ஏற்கனவே ரொம்ப தாமதம்னு அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டோம். அடுத்த நாள் காலைல ரெண்டு கிளினிக்குக்கு போன் பண்ணேன், நாய் பூனை மட்டும்தான்னு சொல்லிட்டாங்க, மூணாவது இடம் பதினெட்டு கிலோமீட்டர், ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. கிளி வாங்க போறவங்க கூண்டு வாங்கறதுக்கு முன்னாடியே பறவை பாக்கற டாக்டர் எங்க இருக்காருன்னு விசாரிச்சு நம்பர் வச்சுக்குங்க, நான் பண்ணாம விட்ட வேலை அதான்.

பச்சை பொழைச்சுது. அதுக்கு அம்மா சோமுன்னு பேர் வச்சாங்க, எங்க தாத்தா பேரு, அண்ணனுக்கு அதுல லேசா வருத்தம். ஜோடியா இருக்கற வரைக்கும் அது நம்மளை ஒரு பொருட்டாவே மதிக்கல, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கொஞ்சிட்டு கிடந்தது, தனியா ஆன பிறகுதான் அம்மாகிட்ட ஒட்டிச்சு. இது முக்கியம், ரெண்டு வாங்கினா அதுங்களுக்கு நல்லது, ஒண்ணு வாங்கினா நமக்கு நல்லது, ஆனா பட்ஜி கூட்டமா வாழற பறவை, ஒத்தையா வச்சா அந்த மொத்த கூட்டத்தோட வேலையையும் நாமதான் பண்ணணும், டெய்லி, மணிக்கணக்கா. அம்மாவுக்கு நேரம் இருந்தது, பண்ணாங்க. கூண்டை தெறந்து விட்டா ஹால் ஃபேன் ஆஃப் பண்ணியிருக்கான்னு மூணு தடவை பாப்பாங்க, கதவு ஜன்னல் சாத்துவாங்க, அது பறந்து போய் கர்ட்டன் கம்பில உக்காரும், கீழ டிவி மேல எச்சம் விழும், அம்மா தொடைப்பாங்க.

தீனி விஷயத்துல ஒரு சிரிப்பு. அதுக்கு மெயின் சாப்பாடு தினை. வள்ளி தினைப்புனத்துல பரண் மேல ஏறி நின்னு "ஆலோலம்"னு கிளி விரட்டினா, இங்க எங்க அம்மா கடைலேருந்து கிலோ கணக்குல தினை வாங்கிட்டு வந்து கிளியை கெஞ்சி கெஞ்சி திங்க வைக்கறாங்க. வெறும் தினை மட்டும் போட்டா கொழுப்பு கட்டும், வைட்டமின் ஏ குறையும், அதனால முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவின கேரட் எல்லாம் பழக்கணும். சோமு மொதல்ல கேரட்டை பாத்தே பயந்துது, மூணு வாரம் ஆச்சு. கணவாய் ஓடு ஒண்ணு கம்பில மாட்டி விடணும், கால்சியத்துக்கு, நாட்டு மருந்து கடைல கடல்நுரைன்னு கேட்டா குடுப்பாங்க. அவகேடோ, சாக்லேட், காபி கூடவே கூடாது.

அப்புறம் தோசைக்கல். இதை கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. நான்ஸ்டிக் தவாவை அடுப்புல வச்சுட்டு மறந்து அது ரொம்ப சூடாச்சுன்னா அந்த டெஃப்லான் கோட்டிங்லேருந்து வர்ற ஆவி பறவைங்க நுரையீரலை நிமிஷக்கணக்குல காலி பண்ணிடும், நமக்கு லேசா நெடி அடிக்கும், அதுக்கு உயிர் போயிடும். அபார்ட்மென்ட் கிச்சனுக்கும் பால்கனிக்கும் பதினஞ்சு அடி தூரம். நாங்க தவாவை தூக்கிட்டு ஊர்லேருந்து அம்மாவோட இரும்பு தோசைக்கல்லை கொண்டு வந்தோம், கிளியால நடந்த ஒரே லாபம் இதுன்னு வீட்டுக்காரர் இன்னமும் சொல்வாரு, தோசை அப்படி வருது.

பேச்சுக்கு வர்றேன், அதுக்குதானே வாங்கினோம். பட்ஜி பேசும், ஆண் நல்லாவே பேசும். கலிஃபோர்னியாவுல "பக்"னு பேர் வச்ச ஒரு பட்ஜிக்கு 1,728 வார்த்தை தெரிஞ்சிருந்துதுன்னு கின்னஸ்ல இருக்கு. குரல் மட்டும் பழைய ரேடியோல ஸ்டேஷன் சரியா பிடிக்காத மாதிரி கிறுகிறுன்னு வேகமா இருக்கும், பழகின காதுக்குதான் புரியும். சோமுவுக்கு ஆறு மாசத்துல வந்தது ரெண்டே வாக்கியம், ஒண்ணு "சோமு சோமு சோமு", இன்னொண்ணு "காபி ஆச்சா". அம்மா காலைல எழுந்ததும் எல்லார்கிட்டயும் கேக்கறது அதுதான், அது பிடிச்சுகிச்சு. மொதல் ரெண்டு மாசம் வீடே கொண்டாடிச்சு, வாட்ஸாப்ல வீடியோ போச்சு, அண்ணன் "நான் சொன்னேன்ல"ன்னான். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நான் லீவுல வீட்ல இருந்தேன், அது "காபி ஆச்சா காபி ஆச்சா"ன்னு கத்திகிட்டே இருக்கு, அம்மா சேர்ல சாஞ்சுகிட்டு சொன்னாங்க, "நான் கேட்டதையே இது என்னைக் கேக்குது. பதில் சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் ஆள் இல்ல." சிரிச்சுகிட்டேதான் சொன்னாங்க. நான் எழுந்து போய் காபி போட்டேன்.

பட்ஜியை குறை சொல்றேன்னு இல்ல. எப்பவும் வீட்ல ஆள் இருக்கற குடும்பம், வெளியூர் போறது கம்மி, பொறுமை உண்டுன்னா பட்ஜி மாதிரி ஒண்ணு கிடையாது, தோள்ல உக்காந்து காதோரம் முணுமுணுக்கும், கண்ணாடி ஃபிரேமை கடிக்கும், பேர் சொன்னா திரும்பும், எந்த தேன்சிட்டும் இதை பண்ணாது. ஆனா அஞ்சுலேருந்து பத்து வருஷ கமிட்மென்ட், எங்களை மாதிரி பெங்களூர் தமிழ் குடும்பத்துக்கு அதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, ஊருக்கு போறது. பொங்கல், சித்திரை, ஆடில குலதெய்வம், தீபாவளி, நடுவுல ரெண்டு கல்யாணம் ஒரு காதுகுத்து. மயிலாடுதுறை ட்ரெயின்ல கூண்டை தூக்கிட்டு ஏற முடியுமா? மொத பொங்கலுக்கு கிரவுண்ட் ஃப்ளோர் ஆன்ட்டிகிட்ட சாவி குடுத்துட்டு போனோம், அவங்க தண்ணி வச்சாங்க, கீரை வச்சாங்க, ஆனா நாலு நாள் யாரும் பேசாததால அது நெஞ்சு பக்கம் இறகை தானே பிடுங்கி வச்சிருந்தது. அடுத்த தடவை கார்ல கூட்டிட்டு போனோம், சில்க் போர்டு ஜாம்ல ஒண்ணேகால் மணி நேரம், அப்புறம் ஓசூர் ரோடு, அத்திப்பள்ளி டோல், கூண்டு மேல துணி, உள்ள சோமு ஒரு சத்தம் இல்லாம கம்பியை இறுக்கி பிடிச்சுட்டு நிக்குது, அம்மா கும்பகோணம் வர்ற வரைக்கும் கூண்டை மடிலேருந்து இறக்கல. ஊர்ல போய் திண்ணைல வச்சா தெரு பூனை நாலு வந்து உக்காந்துடுச்சு. ராத்திரி பூரா அம்மா தூங்கல.

ஒன்றரை வருஷம் கழிச்சு ஓசூர்ல என் கூட வேலை பாக்கறவங்க வீட்ல, பன்னெண்டு பட்ஜி பெரிய ரூம் மாதிரி கூண்டுல பறக்கறதை பாத்துட்டு வந்து, அம்மாவே சொன்னாங்க, அங்க விட்டுடலாம்னு. விட்டோம். ஒரு வாரத்துல அங்க ஒரு மஞ்சளோட சோமு ஜோடி சேந்தாச்சாம். இன்னும் "காபி ஆச்சா"ன்னுதான் சொல்றானாம், அந்த வீட்ல டீதான்.

இப்ப தேன்சிட்டு. வந்து போயிட்டுதான் இருந்தது முன்னாடியும், ஆனா புறாவுக்காக பால்கனிக்கு நைலான் வலை போட்டிருந்தோம், பெங்களூர்ல வலை இல்லாத பால்கனி ஏது. வலைக்கு உள்ள பூச்செடி வச்சா தேன்சிட்டு வெளிய நின்னு பாத்துட்டு போயிடும், இல்ல உள்ள வந்து மாட்டிக்கும். அதனால கிரில்லுக்கு வெளிப்பக்கம் ஸ்டாண்டு அடிச்சு தொட்டியை அங்க வச்சோம், தொட்டி கீழ விழுந்தா யார் பொறுப்புன்னு அசோசியேஷன்ல ஒரு சண்டை, கட்டுக்கம்பி போட்டு முறுக்கின பிறகு விட்டாங்க. லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரில நாலு செடி, எல்லாம் சேத்து ஆயிரத்துக்குள்ள. செம்பருத்தி, இட்லிப்பூ, பட்டாசு திரி மாதிரி சிவப்பா தொங்குமே ரஸ்ஸீலியா, அப்புறம் ஃபயர்புஷ்னு ஆரஞ்சு குழல் பூ. இந்த கடைசி ரெண்டும் அமெரிக்க கண்டத்து செடி, அங்க ஹம்மிங்பேர்டுக்குன்னே வளந்த பூ, இங்க வந்து நம்ம தேன்சிட்டுக்கு விருந்து வைக்குது. கண்டிப்பா ஹம்மிங்பேர்ட் வேணும்னு அழுத எங்க பையனுக்கு இதை சொல்லித்தான் சமாதானம் பண்ணேன், பறவை வரல, அதோட சாப்பாடு வந்திருக்குடான்னு.

ஃபீடர் விஷயம், ஆன்லைன்ல சிவப்பு கலர்ல வாங்கினோம், 450 ரூபா. ஒரு பங்கு வெள்ளை சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணி, தேன் கலக்கக்கூடாது, கலர் கலக்கக்கூடாது, வெயில் நாள்ல டெய்லி கழுவி மாத்தணும், இல்லன்னா புளிச்சு பூஞ்சை வரும். நாங்க இலவு காத்த கிளி மாதிரி மூணு வாரம் காத்துகிட்டு இருந்தோம், வந்தது எறும்பு மட்டும். பக்கத்துலயே தேன்சிட்டு ஃபயர்புஷ்ல தலைகீழா தொங்கி குடிச்சுட்டு போகுது, ஃபீடரை திரும்பிகூட பாக்கல. இப்ப அதுல அம்மா மணி பிளான்ட் வச்சிருக்காங்க. என் கருத்துல ஃபீடர் வேண்டாத செலவு, அந்த காசுக்கு இன்னும் மூணு செடி வாங்குங்க. ஒரே ஒரு ரூல், மருந்து அடிக்காதீங்க. தேன்சிட்டு தேனை மட்டும் குடிச்சு வாழறதில்ல, குஞ்சுக்கு குடுக்கறது சிலந்தியும் சின்ன பூச்சியும்தான், செடில பூச்சியே இல்லன்னா குடும்பம் நடத்த வராது.

எங்க பால்கனிக்கு அதிகமா வர்றது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, பத்து சென்டிமீட்டர் கூட இருக்காது, ஆணுக்கு முதுகு செங்கல் கலர், வயிறு மஞ்சள், தொண்டையும் பிட்டமும் வெயில் பட்டா ஊதாவா மின்னும், நிழல்ல பாத்தா ஒண்ணுமே தெரியாது. சில நாள் முழு கருநீலத்துல ஊதாத் தேன்சிட்டு வரும். அது பெரிய செம்பருத்தியை பாத்தா வாய் வழியா போறதில்ல, பூவோட அடிப்பக்கம் ஓட்டை போட்டு உறிஞ்சிட்டு போயிடும், அம்மா "திருட்டுப்பய"ன்னு திட்டுவாங்க.

போன மாசி மாசம் ஒரு பொண்ணு தேன்சிட்டு, ஆண் மாதிரி எந்த மினுக்கும் இல்லாம மங்கலா இருக்கும், அது துணி காயப்போடற கொடியோட ஓரத்துல, ஒரு பழைய க்ளிப் மாட்டியிருந்த இடத்துல சிலந்தி நூலை கொண்டு வந்து சுத்த ஆரம்பிச்சுது. மொதல்ல ஒட்டடைன்னு நெனச்சு நான் தட்டிவிட போனேன், அம்மா கைய பிடிச்சுட்டாங்க. அன்னிலேருந்து அந்த கொடில துணி கிடையாது, ஒன்றரை மாசம் எங்க வீட்டு ஜீன்ஸ் எல்லாம் ஹால்ல சேர் மேலதான் காஞ்சுது. சிலந்தி நூல், காஞ்ச நார், மரப்பட்டை துணுக்கு, புழு போட்ட எச்சம்கூட ஒட்டி, தூரத்துலேருந்து பாத்தா குப்பை ஏதோ தொங்குதுன்னு தோணும், அதுக்குத்தான் அப்படி கட்டுது. பக்கத்துல ஒரு வாசல், வாசலுக்கு மேல மழை படாம சின்னதா ஒரு சன்ஷேட். உள்ள பஞ்சு மெத்தை. தெரு முனை இலவமரத்துல காய் வெடிச்சு பஞ்சு பறந்த நேரம் அது, கிளி காத்திருந்து ஏமாந்ததா சொல்ற அதே பஞ்சை இது ஒவ்வொரு இணுக்கா வாயில கவ்விட்டு வந்து உள்ள திணிச்சுது. அம்மா எண்ணினாங்க, ஒரு மணி நேரத்துல இருபத்திமூணு நடை. ஆண் ஒரு வேலையும் பண்ணல, ஜன்னல் கண்ணாடில தன் நிழலை வேற எவனோன்னு நெனச்சு கொத்தி சண்டை போட்டுட்டு இருந்தது, நாங்க நியூஸ்பேப்பர் ஒட்டின பிறகுதான் விட்டுது. "கட்டறது அவ, சண்டை இவன்"ன்னு அம்மா அப்பா போட்டோவை பாத்து சொன்னாங்க.

ரெண்டு முட்டை, ரெண்டு வாரத்துக்கு கொஞ்சம் மேல அடை, பொரிச்சப்புறம் பதினேழு நாள் போல. குஞ்சு வந்ததும் ஆணும் சேந்து தீனி கொண்டு வந்துது, அது வரைக்கும் திட்டினதை அம்மா வாபஸ் வாங்கினாங்க. காக்கா வந்தா அம்மா கைதட்டி விரட்டுவாங்க, பகல் பூரா பால்கனி டியூட்டி. எதிர் வீட்டு கன்னட பாட்டி, அத்தனை நாள் தலையாட்டறதோட சரி, கூட்டை பாக்கணும்னு ஒரு நாள் பெல் அடிச்சாங்க, ரெண்டு பேரும் பாஷை சரியா புரியாம கைய காட்டி காட்டி ஒன்றரை மணி நேரம் பேசியிருக்காங்க. அப்புறம் தினமும் மத்தியானம் வர ஆரம்பிச்சாங்க. குஞ்சு பறந்து போன பிறகும் வர்றாங்க.

தேன்சிட்டுல மைனஸ் இல்லாம இல்ல. அது உங்களுது கிடையாது. கூப்பிட்டா வராது, பூ இல்லாத மாசத்துல ஆளையே காணோம், கூடு கட்டற வரைக்கும் ஒரு வருஷம் ஆகலாம், கட்டாமயே போகலாம், நீங்க பத்தாவது மாடில சுத்தி ஒரு மரம் இல்லாத இடத்துல இருந்தா வருமாங்கறதே சந்தேகம். கட்டினா கூட காக்கா தூக்கிட்டு போனா நாம பாத்துட்டு நிக்க வேண்டியதுதான். குட்டி பசங்களுக்கு தொட்டு பழக ஒரு உயிர் வேணும்னா இது உதவாது, எங்க பையன் ரெண்டு வாரம் பாத்தான், அப்புறம் போர் அடிச்சு போன்க்கு போயிட்டான். சோமுகிட்ட அவன் கடைசி வரைக்கும் விளையாடினான், அதையும் சொல்லணும்.

ஆனா செலவு கணக்கு பாத்தா சோமுவுக்கு கூண்டு, தினை, ஒரு தடவை டாக்டர், எல்லாம் சேத்து மாசம் நானூறு அஞ்நூறு ஓடிச்சு, செடிக்கு தண்ணி ஊத்தறதோட சரி. நாங்க பத்து நாள் ஊருக்கு போனா தொட்டிக்கு பாட்டிலை கவுத்து வச்சுட்டு போவோம், செடி ரெண்டு வாடும், தேன்சிட்டு பாட்டுக்கு பக்கத்து ரோடு மரத்துல இருக்கும், வந்ததும் திரும்ப வரும்.

போன வாரம் அண்ணன் மறுபடி போன். திருச்சில தெரிஞ்சவங்ககிட்ட ஆப்பிரிக்கன் ஜோடி ஒண்ணு சொல்லி வச்சிருக்கானாம், ரோஸ் மூஞ்சி, கைல வளத்தது, கடிக்காதாம், தீபாவளிக்கு வர்றப்ப கொண்டு வரட்டான்னு கேட்டான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆஞ்சுகிட்டே, "கொண்டா, நல்லாத்தான் இருக்கும்"னாங்க. அவன் சந்தோஷமா "சரிம்மா"ன்னு வைக்கப் போனான்.

"இருடா. பொங்கலுக்கு நாங்க ஊருக்கு வந்தா அதுக்கு தண்ணி யாரு வைப்பா, நீயா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல, அப்புறம் டவர் சரியில்லன்னு கட் பண்ணிட்டான்.